மஞ்சள் அக்காவின் கடைசிப் பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பதிப்பாளர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவருடைய அன்பு மகளே, அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டு வரை நின்றுகொண்டிருக்கும் வாசக நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. படக்கதைகளில் பேச்சுக் குமிழிக்குள் எழுத்து எழுதுகிறவன். அடுத்தவர் பேச்சை எழுதித்தான் பழக்கமே தவிர, சொந்தமாகப் பேசிப் பழக்கமில்லை. எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். "ஈடு இணையற்ற ஓவியர்" என்று அதில் நான்கு பேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளாக நானும் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது. உட்கார்ந்துகொண்டே பேசலாமா என்று கேட்டேன். மைக் அவ்வளவு கீழே இறங்காதாம். அதனால் நிற்கிறேன்.

நான் வாசலில் நுழையும்போதே ஏழெட்டுப் பேர் என்னை மறித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. பன்னிரண்டாம் இதழில் எஃகுத்தோளன் சாகிறானா, பிழைக்கிறானா? "இரங்கல் கூட்டத்துல வந்து கேக்கற கேள்வியா இது?" என்று யாரோ அவர்களை அதட்டினார்கள். ஏன் அதட்ட வேண்டும்? சரியான கேள்விதானே! மஞ்சள் அக்காவை நினைத்து வந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன். பதில் எங்கள் பதிப்பாளருக்கே இன்னும் தெரியாது. அவர் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே உங்களுக்கு அது புரிந்திருக்கும்.

இங்கே அக்காவின் உறவினர்களும் அக்கம்பக்கத்தவரும் வந்திருக்கிறீர்கள். அவருடைய கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அவரோடு வேலை செய்கிறவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எஃகுத்தோளன் ஒரு படக்கதை நாயகன். இந்தக் காலத்து நாயகன். இடிந்து விழுகிற பாலம், சரிந்து வருகிற அணை, எதுவாக இருந்தாலும் தோள் கொடுத்துத் தாங்குவான். அசல் புத்தகத்தில் எந்நேரமும் மழை பெய்யும். எல்லாப் பக்கமும் கறுப்பு. அவன் முகம் நிழலில் இருக்கும், வாயே திறக்க மாட்டான். கடைசி இதழில் தோள் ஓய்ந்து, பாலத்துக்கு அடியிலேயே செத்துப்போவான். அந்தக் கதையை, அறுபது வருடங்களுக்கு முன்னால் வந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி, மாதம் ஒரு இதழாகப் பன்னிரண்டு இதழ் திரும்ப வரைந்தார் எங்கள் அக்கா. சாணித்தாள், நாலே வண்ணம், முகத்தில் புள்ளி புள்ளியாக நிறம், கோட்டைத் தாண்டி லேசாக வெளியே வழிகிற சிவப்பு, பக்கத்துக்கு நாலு ஆச்சரியக்குறி. முடிவை மாற்றிக்கொள்ளலாமா என்று அசல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். உங்கள் இஷ்டம் என்று பதில் வந்தது. அந்த இஷ்டம்தான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

மஞ்சள் அக்கா என்று ஏன் பெயர் வந்தது? புதுத் தாளைப் பழைய தாள் போல ஆக்குவதற்கு, எங்கள் அலுவலகத்தில் அவர் கண்ணில் பட்ட காகிதத்தையெல்லாம் டீ டிகாக்ஷனில் முக்கிப் பார்ப்பார். ஒருமுறை கணக்காளர் கொடுத்த விடுப்புக் கடிதத்தையும் சேர்த்து முக்கிவிட்டார். காய்ந்து மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, நாற்பது வருடத்துக் கடிதம் போல அது பதிப்பாளர் மேசைக்குப் போயிற்று. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மனுஷன் லீவுல போனவர் இன்னும் திரும்பி வரலையா?" என்று கேட்டார். அன்றைக்கு விழுந்த பெயர் அது. அவரைவிடப் பத்து வயது மூத்த பதிப்பாளரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஒன்பது வயது மூத்த நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரோ என்னை அண்ணே என்பார். இப்படியே ஒருவரையொருவர் மூத்தவராக்கிப் பத்தொன்பது வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம்.

பழைய காலத்தின் மேல் அவருக்குத் தீராத காதல் என்று ஒருவர் இங்கே சொன்னார். மன்னிக்க வேண்டும், இல்லவே இல்லை. நானே ஒருநாள் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பழசு மேல எனக்கு என்ன பாசம் அண்ணே? பழைய புத்தகத்துல பொம்பளைங்க எல்லாம் எதைப் பாத்தாலும் மயக்கம் போட்டு விழுவாங்க. நான் வரையறதுல ஒருத்தியாவது விழறாளா பாத்தீங்களா?"

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு படறீங்க?"

"புதுப் புத்தகத்துல ஊரையே காப்பாத்தறான், மூஞ்சில ஒரு சந்தோஷம் இல்ல. ஒரு குழந்தையைக் காப்பாத்தினா மனுஷன் சிரிக்கணும்ல? பழைய புத்தகத்துல பல்லைக் காட்டிட்டு நிப்பான். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

செல்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தப் படமும் பழைய படமாகிவிடும் என்று ஒரு இளைஞர் வந்து அவருக்குக் காட்டினார். அக்கா பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. இது படத்தைப் பழசாக்குது. நான் கதையைப் பழசாக்கணும், அதுக்கு ஏதாவது பொத்தான் இருக்கா?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்ற ஆசையில்தான் கேட்டார்.

எனக்கும் அவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. படத்தில் அவன் குதித்துக்கொண்டிருப்பான். மேலே ஒரு பெட்டி போட்டு, அதில் "அவன் குதித்தான்!" என்று நான் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை எழுத்தில் வேறு சொல்ல வேண்டுமா? இதழுக்கு நூறு பெட்டி! என் மணிக்கட்டு என்ன எஃகிலா செய்தது? கேட்டால், "படிக்கறவங்க பஸ்ஸுல நிக்கறாங்க அண்ணே, ஒரு கை கம்பியில இருக்கு. படத்தைச் சரியா பாக்காட்டியும் பெட்டியைப் படிச்சிடுவாங்க. பெட்டி சொல்றதுதான் நடந்தது" என்பார். வேறு வழியில்லாமல் எழுதினேன். முனகிக்கொண்டேதான் எழுதினேன்.

மூன்றாம் இதழ் அச்சானபோது நடந்ததை அச்சகத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பை ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்த்தி வைத்திருந்தார் அக்கா. பழைய புத்தகங்களில் வண்ணம் கோட்டோடு ஒட்டாது, அந்த அழகுக்காக. அப்போதுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார் நம் மெஷின்காரர். இருபத்தாறு வருட அனுபவம். ஒரு பக்கத்தில்கூட வண்ணம் விலகியது கிடையாது. முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு வெற்றிவீரர் போல எங்கள் அறைக்குள் வந்தார்.

"அக்கா, சிவப்பு பூரா நகர்ந்து கெடந்துச்சு. யாரோ கவனிக்கல போல. மூணு மணி நேரம் உக்காந்து சரி பண்ணிட்டேன். இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு!"

எட்டாயிரம் பிரதி. எல்லாம் கண்ணாடி மாதிரி! பதிப்பாளர் அவர்கள் அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அக்காதான் கையை நீட்டித் தடுத்தார். மெஷின்காரரை உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, "நீங்க தொழில் கத்துக்கும்போது என்னென்ன தப்பு செஞ்சு திட்டு வாங்கினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். அப்புறம் ஒரு மணி நேரம் சொன்னார். மை திட்டுத்திட்டாக ஒட்டியது, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது, மஞ்சள் தீர்ந்துபோய்ப் பச்சை மரமெல்லாம் நீலமாக வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். நான்காம் இதழிலிருந்து அத்தனை தப்பையும் அவரே தன் கையால், வயிறு எரிய எரிய, வேண்டுமென்றே செய்தார். உள்ளட்டையில் எங்கள் பெயர்களுக்குக் கீழே "பிழைகள்: மெஷின்காரர்" என்று அக்கா போட்டார். அதை மெஷின்காரர் வீட்டில் காட்டியிருக்கிறார். "இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இதுதான் பட்டமா?" என்று அவர் மனைவி கேட்டாராம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் மெஷின்காரர். தலையைத் தூக்குங்கள் ஐயா.

சரி, பன்னிரண்டாம் இதழுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

பதினோரு மாதமாக மாதம் தவறாமல் ஓர் இதழ். எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தோம். எங்கள் அலுவலகத்தில் "அசதியா இருக்கு" என்பது காலை வணக்கம் போல ஆகிவிட்டது. ஒருவர் சொன்னால் மற்றவர், "எனக்கும்தான்" என்பார். அக்காவும் சொன்னார். இரண்டு மாதமாகத் தினமும் சொன்னார். மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அண்ணே, ரொம்ப அசதியா இருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன்? "எனக்கும்தான்" என்றேன். அவருடைய அசதி வேறு, என்னுடைய அசதி வேறு என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லையே!

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கடைசிப் பக்கம் பற்றிப் பேச்சு வந்தது.

"அக்கா, அசல்ல அவன் செத்துடறான். நாமளும் விட்டுடலாம். பன்னிரண்டோட தொல்லை முடிஞ்சுது."

"பழைய புத்தகத்துல நாயகன் சாக மாட்டான் அண்ணே. அந்தப் புத்தகங்களுக்கு இருக்கற ஒரே நல்ல குணம் அதுதான்."

"பாலம், அணை, தண்ணித் தொட்டின்னு பதினோரு மாசமா தூக்கிட்டான். தோள் வலிக்காதா அவனுக்கு? படுக்கட்டுமே."

"அவனுக்கு வலிக்குதா, உங்களுக்கு வலிக்குதா?"

"ரெண்டு பேருக்கும்னே வச்சுக்கோங்க. அவன் எழுந்தான்னா பதிமூணாவது கேப்பாங்க, பதினாலாவது கேப்பாங்க. செத்தா செத்துட்டுப் போறான், விடுங்க! ஒரு காகித மனுஷனுக்காக நாம இன்னும் எவ்வளவு நாள் மாரடிக்கறது?"

கத்திவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அக்கா பேனாவை மூடி வைத்தார். "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். நான் அன்று சீக்கிரமாக வீட்டுக்குப் போனேன். நிம்மதியாகத் தூங்கினேன். இதையும் நான் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு நாள் கழித்துத் திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி இருந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா மேசையில் தலை சாய்த்திருந்தார். பாவம், கொஞ்சம் கண்ணயரட்டும் என்று நினைத்து, சத்தம் போடாமல் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சபையோரே, கதவைச் சாத்தியது நான்தான். யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். சாப்பிடக் கூப்பிடப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். அரை மணி முன்னால் பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர். வேறு என்ன சொல்வார்?

நான்காம் நாள் அக்காவின் கணவர் ஒரு பெரிய உறையோடு அலுவலகத்துக்கு வந்தார். எஃகுத்தோளனின் தோள் யாருடையது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அவருடையது. பன்னிரண்டு இதழுக்கும் வேலை முடிந்து வந்து, சமையலறையில் சாப்பாட்டு மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார். அக்கா எதிரே உட்கார்ந்து வரைவார். "பாலத்தைத் தூக்கறவன் மூஞ்சியா இது? கொஞ்சம் சிரிங்க" என்பாராம். அப்படிப்பட்டவர் அன்று உறையை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"வீட்டுல வச்சு முடிச்சிருக்கா சார். உங்களுக்குன்னு எழுதியிருக்கு. இந்தத் தடவ மேசையைத் தூக்க வேணாம், தரையில படுங்கன்னு சொன்னா. என்னம்மா, ஆளை முடிச்சிட்டியான்னு கேட்டேன். 'அண்ணனுக்கு முடியலையாம், பாவம்'னு சொன்னா."

உறையைப் பிரித்தேன். கடைசிப் பக்கம். கோடெல்லாம் முடித்து, எங்கே எந்த வண்ணம் என்றும் குறித்திருந்தார். பாலம் தரைமட்டமாகிக் கிடக்கிறது. கல்லுக்கு நடுவில் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தூரத்தில் அவன் காப்பாற்றிய மக்கள் நிற்கிறார்கள். அக்கா வரைந்ததிலேயே மிக நல்ல படம் அதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதுவது இளநீலப் பென்சிலில். அது அச்சில் விழாது. ஓரத்தில் இளநீலத்தில் எழுதியிருந்தார்: "அண்ணே, நீங்க சொன்னபடியே விட்டுட்டேன். மேல பெட்டிக்கு இடம் வச்சிருக்கேன். ரெண்டு வார்த்தை போதும். நெறைய எழுதாதீங்க, கை வலிக்கும்."

வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன், நண்பர்களே! இப்படி ஒரு ஜெயிப்பு யாருக்காவது வருமா? பத்தொன்பது வருடத்தில் ஒரு புள்ளி விஷயத்தில்கூட விட்டுக்கொடுக்காதவர், எது தனக்கு உயிரோ அதை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அசதி என்று சொன்னதற்காக! அவர் அசதி என்றபோது நான் காதிலேயே வாங்கவில்லை. நான் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார்.

பதிப்பாளர் அவர்கள் பக்கத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. பெட்டியை எழுதிடுங்க, வர்ற திங்களை விட்டு அடுத்த திங்கக்கிழமை மெஷின்ல ஏத்திடலாம்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் அசதிதான்.

அந்தப் பக்கம் என் மேசையில் ஒரு வாரம் கிடந்தது. "அவன் இறந்தான்." அதுதான் நான் எழுத வேண்டியது. இரண்டே வார்த்தை. மெல்லிய தாளில் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அதைப் பெட்டிக்குள் ஏற்றக் கை போகவில்லை. படத்தை மாற்றலாம் என்றால் எனக்கு ஒரு காக்காய்கூட வரைய வராது. வேறு ஓவியரைக் கூப்பிட்டு அக்காவின் கடைசிக் கோட்டின் மேல் கோடு போடு என்று சொல்ல நான் யார்? அவர் வரைந்தது வரைந்ததுதான். அதில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. பெட்டி மட்டும்தான் என்னுடையது.

நேற்று மதியம் அந்தப் பெட்டிக்குள் எழுதினேன். "அவன் எழுந்தான்!"

ஆச்சரியக்குறியோடு எழுதினேன். படத்தில் கல்லுக்கு நடுவே கை அசையாமல் கிடக்கிறது. பெட்டியில் அவன் எழுந்துவிட்டான். இது என்ன குளறுபடி என்று நீங்கள் கேட்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்! இன்று காலை அச்சகத்துக்கு நானே கொண்டுபோனேன். மெஷின்காரர் பக்கத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"சார், படம் ஒண்ணு சொல்லுது, பெட்டி ஒண்ணு சொல்லுது. இது தப்பா, வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"அப்பச் சரி" என்று ஏற்றிவிட்டார். திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் அவர்தான். மெஷினை நிறுத்திவிட்டு இங்கே கிளம்புவதற்குள் ஆறாயிரம் பிரதி ஓடி முடிந்துவிட்டது. பதிப்பாளர் அவர்களே, கோபம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வைத்துக்கொள்வோம். வாசலில் கேட்ட நண்பர்களே, உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எஃகுத்தோளன் சாகவில்லை. அக்காவை நான் எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பவில்லை. இவனையாவது எழுப்பினேன்.

இனி என்ன? எழுந்தவன் சும்மா நிற்க மாட்டான். பதிமூன்றாம் இதழ் வந்தாக வேண்டும். அதை யார் வரைவார்கள்? எனக்குத் தெரியாது. கூட்டத்தில் யாராவது இருக்கலாம், வெளியூரிலிருந்து யாராவது எழுதிப் போடலாம். வருகிறவர் அக்காவைப் போல வரைய வேண்டியதில்லை. அதில் ஒரு பெண்ணும் மயங்கி விழக் கூடாது, காப்பாற்றியவன் சிரிக்க வேண்டும். இந்த இரண்டை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய கணவரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஐயா, தோள் வேண்டியிருக்கும். உங்களிடம் இதைக் கேட்கிற நேரமா இது என்று தெரியவில்லை. நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. நன்றி.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுப்பார்கள். என் கை அவ்வளவு உயராது. இருந்தபடியே சொல்கிறேன். அந்தப் புத்தகம் வருகிற வரைக்கும், பக்கத்துக்கு எத்தனை பெட்டி இருந்தாலும், அத்தனையையும் நான் எழுதுவேன். முனகிக்கொண்டேதான் எழுதுவேன், அதில் மாற்றமில்லை.

மஞ்சள் அக்கா! நான் உங்களிடம் ஓய்வு கேட்டேன். நீங்களும் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.